தை மாதம் என்று படித்தேன்

“…இருக்குதுன்னா எந்த எடத்துல இருக்குன்னு வெரல வச்சுக் காட்டுடா. தை மாசம்னு இந்தக் காயிதத்துல எங்க போட்டிருக்கு?” என்று பெரியப்பா கேட்டார்.

கேட்டுவிட்டு அவர் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைக் கேட்க உங்களுக்குப் பொறுமை இருக்காது. நம் வயதுக்காரர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? அறுபதை எட்டிப் பார்க்கிறோம், கதையில் மட்டும் இன்னும் அவசரம்.

சென்ற மாதம் பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆதார் திருத்தத்துக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை, பன்னிரண்டு வயசு இருக்கும், இரட்டைச் சடை. பக்கத்தில் அவளுடைய அப்பா. வடக்கே இருக்கிற ராணுவ அதிகாரிப் பயிற்சிக் கல்லூரிக்கு உதவித்தொகையோடு சேர விண்ணப்பம் போடுகிறார்கள். “அப்பா, ஓடிபி வந்திருக்கும் பாருங்க” என்றாள். அவர் போனை நெற்றிக்குத் தூக்கிக் கண்ணைச் சுருக்கி ஆறு எண்ணைச் சொன்னார். அவ்வளவுதான். முடிந்தது. அந்த மனிதர் பஞ்சாங்கம் பார்க்கவில்லை, ஆடியா ஆவணியா என்று கேட்கவில்லை. எனக்கு உள்ளங்காலிலிருந்து சூடு ஏறியது. நாற்பத்தைந்து வருஷமாக ஆறிப்போனதாக நினைத்த சூடு. திருத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வெளியே வந்துவிட்டேன்.

எட்டாம் வகுப்பு படித்த வருஷம் அது. அதற்குமேல் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. மற்றதெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும்போது, லோடுக்குக் காத்திருந்த நேரத்தில், கையில் கிடைத்ததை வைத்துப் படித்தது.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் எங்கள் ஊர். கொத்தினால் கல்லாய்ப்போன சிப்பியும் சங்கும் வருகிற மண். பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான் என்று ஒரே வீடு, ஒரே உலை. பெரியப்பாவின் பெண்கள் இரண்டு பேரும் கட்டிக்கொடுத்துப் போய்விட்டார்கள். வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அப்பாவின் வாயிலிருந்து வருகிற வாக்கியம் ஒன்றே ஒன்று: “அண்ணன் சொன்னாச் சரி.” என்னைப் பள்ளியில் சேர்த்ததும் பெரியப்பாதான். அதனால் ரிஜிஸ்தரில் கார்டியன் என்ற இடத்தில் அவர் பெயர், அவர் கையெழுத்து. கையெழுத்து போட மட்டும்தான் அவருக்குத் தெரியும், படிக்கத் தெரியாது. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். உர மூட்டையில் அச்சடித்திருப்பது, மருந்துச் சீட்டு, சொந்தக்காரர் கடுதாசி, எல்லாம் என் குரலில்தான் அந்த வீட்டுக்குள் வரும். வெளி ஆளிடம் காயிதத்தைக் காட்ட அவர் விடமாட்டார். “நம்ம வூட்டு விசயம் அடுத்தவன் நாக்குல பட்டா எச்சிலாப் போயிரும்” என்பார். பேச்சு அழகாகத்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை.

ஆனி மாதக் கடைசியில் பிரேயரில் தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கை படித்தார். ராணுவ அதிகாரியாவதற்குச் சிறு வயதிலிருந்தே பயிற்சி தரும் கல்லூரியாம். பரீட்சையில் தேறினால் சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் உதவித்தொகையில். படித்து முடித்து வந்தால் ஆபீசர். பிரேயர் முடிந்ததும் டிரில் சார் என் காதைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்தார். “இவன் ஒருத்தன்தான் சார் இங்கிலீசு பொஸ்தகத்தைத் தலைகீழாப் புடிக்காதவன்” என்று தலைமையாசிரியரிடம் சொன்னார். அதற்குமேல் அவருக்கு என்மேல் அக்கறை கிடையாது. பள்ளிக்கு ஒரு பெயர் வரும் என்பதுதான் கணக்கு. ஆனாலும் தையல்காரரிடம் டேப் வாங்கி வந்து என் மார்பை அளந்தார். “மூச்ச இழு. இழுடா! இது நெஞ்சா, கோழிக்கூடா?”

வயதுக் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எனக்கு இந்த ஒரு தடவைதான். அடுத்த பரீட்சைக்கு வயது தாண்டிவிடும்.

போட்டோவுக்குப் பெரம்பலூர் போனோம், அப்பாவும் நானும். ஸ்டூடியோவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கறுப்புக் கோட்டு. பெரிய ஆள் கோட்டு. முதுகுப் பக்கம் துணி காயப்போடுகிற கிளிப்பை மாட்டி இறுக்கினார்கள். முன்னால் ஆபீசர், பின்னால் கொடிக்கம்பி. கோட்டில் யார் யாருடைய பவுடர் வாசனையெல்லாமோ அடித்தது. போட்டோக்காரர், “சிரிக்காத தம்பி, சிரிச்சா சிப்பாயாத்தான் எடுப்பான்” என்றார். அப்பா திரைக்குப் பின்னால் நின்று சத்தம் வராமல் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்தப் படத்தில் ஒரு பிரதிகூட இன்று என்னிடம் இல்லை.

அரியலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கண், காது, பல் எல்லாம் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார். பள்ளி விட்டதும் அரியலூர் ரோட்டில் ஓடினேன். லாரி போனால் வெள்ளைத் தூசு எழும்பும். வீட்டுக்கு வரும்போது புருவம் நரைத்திருக்கும். “கெழவரே, கால் கழுவிட்டு வாங்க” என்பாள் அம்மா.

விண்ணப்பப் பாரம் நிரப்பியாயிற்று. கடைசிப் பக்கத்தில் கார்டியன் கையெழுத்து. “ரிஜிஸ்தர்ல இருக்கிற அதே கையெழுத்துதான்டா வேணும். அதுக்குக் கீழதான் நான் போடணும்” என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். கடைசித் தேதி ஆடி மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது விழுந்தது. நான் பாரத்தைப் பெரியப்பாவிடம் கொடுத்தது ஆடி பிறந்து நான்காம் நாள்.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நம்ம குடும்பத்துல ஒரு ஆபீசரு” என்றார். அப்புறம், “ஆடி போகட்டும்டா” என்றார்.

“கடைசித் தேதி ஆடியிலேயே வருதுங்க பெரியப்பா.”

“அவன் ஆயிரம் தேதி போடுவான். வடக்கத்தியானுக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா? ஆடியில கையெழுத்துப் போட்டா ஆகுமா? புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புற காரியம். ஆவணி ஒண்ணாந்தேதி சாமி முன்னாடி வச்சுப் போட்டுத் தரேன்.”

பாரம் அவருடைய டிரங்குப் பெட்டிக்குள் போனது. அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசுகிற வழக்கமில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து பெரியம்மாவிடம், “அக்கா, ஆடியில வெதைக்கிறோமே, அது ஆகுதுல்ல? பாரம் மட்டும் ஆவாதா?” என்று அவர் காதில் விழுகிற மாதிரிக் கேட்டாள். பெரியம்மா, “வெத வேற, எழுத்து வேறடி” என்றாள். அப்பாவைப் பார்த்தேன். அப்பா தன் வாக்கியத்தைச் சொன்னார்.

நான் தினமும் கேட்டேன். காலையில் கேட்டேன், சோறு தின்னும்போது கேட்டேன், கழனிக்குப் போகும் வழியில் பின்னாலேயே ஓடிக் கேட்டேன். திட்டவே மாட்டார். சிரித்துக்கொண்டே, “ஆபீசருக்கு அவசரம் ஆகாது” என்பார்.

கடைசித் தேதிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு டயர் வண்டி வந்து நின்றது. வைக்கோலுக்கு நடுவில் ஒரு தண்ணீர் மோட்டார். ஐந்து குதிரை மோட்டார். சிறுவாச்சூர்ப் பக்கம் யாரோ விற்றதாம். கிணற்றுக்குக் கரண்ட் கேட்டு எழுதிப்போட்டுப் பல வருஷமாகிறது, இந்த வருஷம் முறை வந்துவிடும் என்று கரண்ட் ஆபீசில் சொன்னார்களாம். பெரியம்மா மோட்டாருக்குப் பொட்டு வைத்தாள். பெரியப்பா சூடம் கொளுத்தினார்.

நான் கேட்டேன், “ஆடியாச்சேங்க பெரியப்பா?”

மோட்டாரைத் தடவிக்கொண்டே சொன்னார்: “இது பழைய மோட்டார்டா. பழசுக்கு ஆடி கெடையாது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் கிணற்றடியில் பெரியப்பாவும் வண்டிக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வரப்புக்கு இந்தப் பக்கம் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர், “தம்பி மவன் மிலிட்டிரி ஆபீசராப் போறானாமே?” என்றார்.

“எங்க போறான்? அவன் போயிட்டா எனக்குக் காயிதம் யாரு படிக்கிறது?” என்றார் பெரியப்பா. வெற்றிலையைத் துப்புகிற சத்தம் கேட்டது. “தேதி போனாத் தன்னால அடங்கிருவான். அவன் ஆபீசரானா நாளைக்கு அவன் அப்பன் நிமுந்து பேசுவான். பாகம் கேப்பான். எதுக்கு?”

தழையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும். பெட்டியை உடைக்கலாமா என்று நினைத்தேன். சாவி அவர் அரைஞாணில். அவர் கையெழுத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன், ஆனால் எதில் போடுவது? டிரில் சாரிடம் வேறு பாரம் கேட்டேன். “ஒரு ஸ்கூலுக்கு ஒண்ணுதான்டா வந்துச்சு” என்றார்.

ஆவணி முதல் தேதி வந்தது. பெரியப்பா குளித்து, திருநீறு பூசி, பாரத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியர் அந்த மஞ்சளைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கல்யாணப் பத்திரிகையாடா இது?” என்றார். ஆனாலும் அனுப்பினார். புரட்டாசியில் பதில் வந்தது. பெரியப்பா கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, “படி” என்றார். காலதாமதமாக வந்ததால் நிராகரிக்கப்படுகிறது என்பதை இங்கிலீசில் படித்து, தமிழில் சொன்னேன். ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

“குடுத்து வைக்கல, விடு” என்றார். என் தலையைத் தடவினார். அந்தக் கையைக் கடித்திருக்கலாம். கடித்திருந்தால் அன்றோடு போயிருக்கும்.

என் நண்பர் ஒருவர், டீக்கடையில் இதைக் கேட்டுவிட்டு, “ஒன்மேல பாசம்யா அந்த ஆளுக்கு. பிரிய மனசில்லாமப் பண்ணியிருக்காரு” என்றார். தொலைந்துவிடுமோ என்று செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே தூங்குகிறவனுக்குச் செருப்பின் மேல் பாசமா என்று கேட்டேன். நிராகரிப்பு வந்த அன்று எனக்கு வேறெதுவும் புரியவில்லை, ஒன்று மட்டும் புரிந்தது: அவருக்குக் காயிதம் படிக்க ஆள் வேண்டும். சரி, படிக்கிறேன்.

மார்கழி மூன்றாம் தேதி தபால்காரர் வந்தார். அன்றைக்குப் பள்ளி விடுமுறை. பழுப்பு உறை, கரண்ட் ஆபீஸ் முத்திரை. பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

பிரித்தேன். தங்கள் கிணற்றுக்கு மின் இணைப்பு வழங்கும் முறை வந்துள்ளது. கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் நேரில் வந்து ஒப்புதல் தெரிவிக்க வேண்டும். தவறினால் தங்கள் முறை ரத்தாகி, புதிதாக விண்ணப்பிக்க நேரிடும்.

மனசுக்குள் ஒரு தடவை படித்து முடித்தேன்.

“தங்கள் கிணற்றுக்கு மின் இணைப்பு வழங்கும் முறை வந்துள்ளது,” என்று சத்தமாகப் படித்தேன். பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார். “தை மாதம் பதினைந்தாம் தேதிக்குள் நேரில் வந்து ஒப்புதல் தெரிவிக்க வேண்டும்.”

அடுத்த வரியைப் படிக்கவில்லை. மடித்துக் கொடுத்துவிட்டேன்.

பெரியப்பா தொடையைத் தட்டினார். “பாத்தியாய்யா! மார்கழியில வராதேன்னு சொல்றான். கரண்ட் ஆபீசுக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு மார்கழி ஆகாதுன்னு!” என்று பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். பெரியம்மா உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்து வந்து எல்லார் வாயிலும் போட்டாள். என் வாயிலும் போட்டாள். அந்த இனிப்பு எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது. பொய் சொல்லவில்லை, அவ்வளவு இனிப்பான சர்க்கரையை நான் தின்றதே இல்லை.

மறுநாள் காலையில் அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சாணியில் பூசணிப்பூ செருகிக்கொண்டிருந்தேன். நிமிராமலே கேட்டாள்.

“நேத்திப் படிக்கையில ஒரு எடத்துல நின்னே. ஏன்?”

“இருமல் வந்துச்சு.”

“வரல.”

கோலத்தின் ஒரு இழையை இழுத்து முடித்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, என்னைத் தெரியும்.

“பூவ நேரா வை. சாயுது பாரு” என்றாள். அதோடு சரி. அதற்குமேல் அவள் கேட்கவே இல்லை. அந்தப் பதினைந்து நாளும் அவள் எனக்குக் கூடுதலாக ஒரு கரண்டி சோறு போட்டாள்.

நாட்களை நான் எண்ணினேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் தோன்றியது. அன்று அப்பா கிணற்றிலிருந்து தோளில் தண்ணீர் தூக்கிக் கத்தரிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். தோளில் காய்ப்பு. இந்தக் கரண்ட் வந்தால் அந்தத் தோளுக்கும்தான் விடுதலை என்பது அப்போதே எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அப்பா, “அண்ணன் மோட்டாரு போட்டுட்டா நமக்கு ஒரு கவலயும் இல்லடா” என்றார். அண்ணன் மோட்டாரு. தன் பாதி நிலத்துக்கும் பாயப்போகிற தண்ணீரை அந்த மனிதர் அண்ணனுடையது என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

பதினாறாம் நாள் நான் நன்றாகத் தூங்கினேன்.

அப்பாவுக்காக எனக்கு வருத்தம் உண்டு. அந்தக் கிணற்றுக்குக் கரண்ட் வர அப்புறம் ஒன்பது வருஷம் ஆனது. மோட்டார் சாக்குக்கு அடியில் கிடந்து துருப்பிடித்தது. எலி அதில் குடும்பம் நடத்தியது. அப்பா அதுவரை தண்ணீர் தூக்கினார். அந்தக் கணக்கை நான் பெரியப்பாவின் தலையில் எழுதவில்லை, என் தலையில்தான் எழுதிக்கொண்டேன். மற்றபடி வருத்தமா என்று கேட்டால், இல்லை. பெரியப்பா கடைசிக் காலத்தில் படுத்தபோது நானும் போய்ப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, “நீ செஞ்சது சரியாடா?” என்றார். “நீங்க செஞ்சது?” என்றேன். அந்த ஆளோடு எனக்கு இருந்த ஒரே நேர்மையான பேச்சு அதுதான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பொங்கல் முடிந்து தை ஐந்தாம் தேதி. பெரியப்பா சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை, சந்தனப் பொட்டோடு காலையிலேயே அரியலூருக்கு பஸ் ஏறினார். நல்ல காரியத்துக்குப் போகும்போது வயிறு நிறையத் தின்னக் கூடாது என்று வெறும் காப்பிதான் குடித்தார். நான் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகவில்லை. அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும், அதற்காகத்தான்.

உச்சி வெயிலில் திரும்பி வந்தார். பொட்டு வேர்வையில் மூக்குவரை இறங்கியிருந்தது. கரண்ட் ஆபீசில் கடிதத்தை வாங்கிப் படித்தவர், “பெரியவரே, தேதி போயி ரெண்டு வாரத்துக்கு மேலாச்சு. தை மாசம்னு உங்களுக்கு யாரு சொன்னா?” என்று கேட்டாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். வாசலில் வைத்து என் முன்னால் கடிதத்தை நீட்டினார்.

“தை மாசம்னு போட்டிருக்குன்னு படிச்சியே?”

“ஆமாங்க பெரியப்பா. இருக்குதுங்க.”

அப்போதுதான் இந்தக் கதையின் தொடக்கத்தில் நான் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார், விரலை வைத்துக் காட்டச் சொன்னார். அப்பா மாட்டுக்கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். முதல் தடவையாகக் கதவுக்கு இந்தப் பக்கம்.

நான் விரலை வைக்கவில்லை.

“ஆடியில அனுப்பக் கூடாதுன்னு என் பாரத்துல எந்த எடத்துல இருந்துச்சோ, அதே எடத்துலதான் இருக்குங்க பெரியப்பா” என்றேன்.

அப்பா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். “அடிக்காத” என்றார் பெரியப்பா. குரல் உயரவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்க்கிற மாதிரி. பெரியம்மா, “சோறு போட்டிருக்கேன், வாங்க” என்றாள். அவர் உள்ளே வரவில்லை. போட்டிருந்த சட்டையோடு அப்படியே திரும்பி நடந்தார். பள்ளிக்கூடம் இரண்டு மைல். தலைமையாசிரியர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம், டிரில் சார் வழியை மறித்தாராம். கார்டியன் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்.

மணி நாலுக்குத் திரும்பி வந்தார். கூடத்தில் எல்லாரையும் உட்காரச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து நீளமாக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். என்னுடைய டி.சி.

“படி. எதையும் மாத்தாமப் படி.”

படித்தேன். என் பெயர். பிறந்த தேதி. வலது முழங்காலில் ஒரு தழும்பு. வகுப்பு எட்டு. பள்ளியை விட்டு நீங்கும் காரணம், பெற்றோர் விருப்பம். மாணவனின் நடத்தை, நன்று.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தரையை.

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்து, “இப்பப் போடு சோத்த” என்றார். தட்டு வந்தது. சம்மணமிட்டு உட்கார்ந்து, சோற்றில் குழி பறித்துக் குழம்பை ஊற்றச் சொன்னார். என்னைப் பார்த்து, “இன்னொரு தடவ படி” என்றார். நான் மறுபடியும் முதலிலிருந்து படித்து முடிக்கிறவரை, தலையை ஆட்டிக்கொண்டே, நிதானமாகப் பிசைந்து பிசைந்து தின்றார்.